டிஸ்க்கின் மேல்பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

சிடி, டிவிடியில் பேர் போடுவது, படம் அச்சடிப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். 'இந்தக் காலத்தில் யார் சிடி போடுகிறார்கள்?' என்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்கு என் மேஜையில் கிடக்கும் கடிதங்களே சாட்சி.

அக்கா, தாத்தா பாடிய தேவாரங்களைப் பழைய கேசட்டுகளிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். அவருக்குச் சதாபிஷேகம் வருகிறது. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நாற்பது ஆடியோ சிடி போட்டு, மேலே தாத்தா படம் வைக்க ஆசை. வட்டமாக வெட்டிய ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து ஒட்டிவிடலாம், செலவும் குறைவு என்கிறார் ஜெராக்ஸ் கடைக்காரர். ஒட்டலாமா?
— கும்பகோணம் வாசகர்

ஒட்டாதீர்கள் தம்பி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, செலவு குறைவுதான். ஆனால் தாத்தாவின் பாட்டு டிஸ்க்கில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த மிச்சம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சிடியைக் கையில் எடுத்தால் எல்லாரும் பளபளக்கிற அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பிடிப்போம். அந்தப் பக்கத்துக்கு 1.2 மில்லிமீட்டர் கனத்தில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. கீறல் விழுந்தாலும் பாதி நேரம் ஓடிவிடும். பதிவு ஏறுகிற சாயப்பூச்சும், லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புகிற உலோகப்பூச்சும் இருப்பது மேல்பக்கத்தை ஒட்டி. அவற்றுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிசாக ஒரு வார்னிஷ் பூச்சு மட்டும்தான். நம்பிக்கை இல்லையென்றால் வேண்டாத சிடி ஒன்றின் மேல்பக்கத்தில் பிளேடால் ஒரு கோடு போட்டு, அதன்மேல் செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். வெள்ளிப்பூச்சு டேப்போடு உரிந்து வந்துவிடும். அந்த இடத்தில் சிடி வெறும் கண்ணாடிபோல் நிற்கும், எதிர்ப்பக்கம் இருப்பவர் முகம் தெரியும். ஸ்டிக்கரின் பசை உட்கார்ந்திருப்பது இந்தப் பூச்சின் தலைமேல்தான். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுக்கும், சித்திரையில் காய்ந்து சுருங்கும். ஒரு ஓரம் தூக்கினால் யாராவது நகத்தால் நிமிண்டாமல் இருக்க மாட்டார்கள்.

அதோடு எடை. ஸ்டிக்கர் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் சுற்றும்போது டிஸ்க் ஆடும். ஆடியோ சிடியைச் சாதாரண பிளேயரில் போட்டால் நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றுக்குள்தான் சுற்றும், அதனால் தெரியாது. அதே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாட்டைக் காப்பி எடுக்கப் பார்த்தால், 52எக்ஸ் வேக டிரைவ் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரைக்கும் கிளப்பும். கிரைண்டர் ஓடுகிற மாதிரி சத்தம் வருகிறது என்று கொண்டுவருகிறவர்களின் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் மேலே ஸ்டிக்கர் இருக்கும். கார் பிளேயர் இன்னும் மோசம். டிரே கிடையாது, ஒரு பிளவுக்குள் டிஸ்க்கை இழுத்துக்கொள்ளும். உள்ளே போன சூட்டில் ஸ்டிக்கர் உரிந்தால் டிஸ்க்கை வெளியே எடுக்க மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

சரி, என்ன செய்வது? 'இங்க்ஜெட் பிரிண்டபிள்' என்று கட்டின் மேல் போட்டிருக்கிற சிடி-ஆர், அதாவது பதிவதற்கான வெற்று சிடி, வாங்குங்கள். மேல்பக்கம் மங்கலான வெள்ளையாக இருக்கும். விரல் நுனியை லேசாக ஈரப்படுத்தி விளிம்பில் வைத்தால் ஒட்டுகிற மாதிரி இருக்கும், அது இங்க் குடிக்கிற பூச்சு. வழவழவென்று வெள்ளையாக இருந்து ஈரம் ஒட்டாமல் வழுக்கினால், அது தெர்மல் பிரிண்டருக்கான டிஸ்க்காக இருக்கலாம், அல்லது சும்மா வெள்ளைப் பெயின்ட் அடித்ததாக இருக்கலாம். அதில் அச்சடித்தால் இங்க் காயாமல் கையோடு வரும். இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் விரலை நம்புங்கள்.

அடுத்தது பிரிண்டர். வாங்க வேண்டாம். உங்கள் ஊரில் ஆதார், வாக்காளர் அட்டையெல்லாம் பிவிசி கார்டாகப் போட்டுக் கொடுக்கிற கடை கட்டாயம் இருக்கும். அவர்களில் நிறையப் பேர் வைத்திருப்பது எப்சன் எல்800, எல்805, இப்போது எல்8050. ஆறு கலர் டேங்க் பிரிண்டர்கள். இவை டிஸ்க்கின் மேல் நேரடியாக அச்சடிக்கிற வசதியோடு வந்தவை. கார்டு போடுகிறவர்கள் டிஸ்க் டிரே போகிற அதே வழியில் கார்டு டிரேயைச் செருகி வேலை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் கடைக்குப் போய், "பிரிண்டரோடு வந்த சிடி டிரே இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பரணில், அட்டைப்பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடக்கும். தேடி எடுத்துக் கொடுத்தால் நாற்பது டிஸ்க் ஒரு மத்தியான வேலை. டிஸ்க் நீங்களே கொண்டுபோய், 'அச்சுக்கூலி மட்டும் சொல்லுங்க' என்று பேசினால் ஸ்டிக்கர் தாளும் வெட்டுக்கூலியும் சேர்ந்த கணக்கைவிடப் பெரிதாக ஏறாது. முதலில் ஒன்று அடித்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

வரிசை முக்கியம். பாட்டைப் பதிந்து, ஒரு தடவை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அச்சு. எப்சன் கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. அச்சடித்த பிறகு பதிந்தால் கைரேகை, தூசி, கீறல் என்று ஏதாவது ஒன்று பதிவைக் கெடுக்கும். பதிவில் ஒன்று தவறிப் போனால் அதற்குச் செலவான இங்க்கும் தண்டம். அச்சடித்ததை ஒரு நாள் முழுக்க நிழலில் பரப்பிக் காயவிட வேண்டும். ஃபேனுக்கு நேராக வைக்காதீர்கள், தூசி ஒட்டும். காயாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் தாத்தாவின் நெற்றித் திருநீறு அடுத்த டிஸ்க்கின் முதுகில் இருக்கும்.

இன்னொன்று. நாற்பது பேரில் எத்தனை பேர் வீட்டில் சிடி பிளேயர் இருக்கிறது என்று சும்மா விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேர் ஷோகேஸில்தான் வைக்கப் போகிறார்கள் என்றால் தப்பில்லை, தாத்தா படம் வீட்டில் இருக்கட்டுமே. அவர்களுக்குப் பாட்டைத் தனியாகப் போனில் அனுப்பிவிடுங்கள்.

லேபிள் போடுகிற மென்பொருளில் தமிழில் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறது. வீட்டில் சரியாக வந்தது கடையில் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது. என்ன செய்ய?
— தஞ்சாவூர் வாசகி

இரண்டு வெவ்வேறு கோளாறைச் சேர்த்துச் சொல்கிறீர்கள். கொம்பு பிரிந்து நிற்பது மென்பொருளுக்கு யூனிகோடு தமிழை, அதாவது இப்போது எல்லாக் கருவிக்கும் பொதுவான முறையில் தட்டிய தமிழை, அடுக்கத் தெரியாததால். ஆங்கிலக் குவியல் வருவது நீங்கள் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டியதால். அந்த எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் பாமினியில் தட்டிய 'அம்மா' 'mk;kh' என்றுதான் நிற்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்று. லேபிள் மென்பொருளில் தமிழைத் தட்டவே தட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற படம் வரைகிற மென்பொருள் இலவசம், தமிழ் ஒழுங்காக வரும். அதில் 120 மில்லிமீட்டர் சதுரம் போட்டு, படமும் எழுத்தும் வைத்து, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்யுங்கள். 1417-க்கு 1417 பிக்சல் வரும். பிரிண்டர் மென்பொருளில் அதை வெறும் படமாகப் போட்டால் எழுத்து அசையாது.

நடு ஓட்டையை மறந்துவிடாதீர்கள். டிஸ்க்கின் ஓட்டை 15 மில்லிமீட்டர்தான், ஆனால் வெள்ளைப்பூச்சு அதன் விளிம்பிலிருந்தே தொடங்காது. நடுவரைக்கும் அச்சாகிற வகையில் சுமார் 22 மில்லிமீட்டர் வட்டத்திலிருந்து வெள்ளை இருக்கும். பழைய வகையில் 46 வரைக்கும் வெறும் பிளாஸ்டிக்தான். வெளிவிளிம்பு 116 முதல் 118. ஸ்கேல் வைத்து அளந்து, அந்த எண்ணை அச்சு அமைப்பில் கொடுங்கள். பூச்சு இல்லாத இடத்தில் விழுகிற இங்க் காயாது, டிரேயில் ஒட்டும், அடுத்த டிஸ்க்கின் அடிப்பக்கத்துக்கு ஏறும். கல்யாண டிவிடியில் மாப்பிள்ளை முகத்தை நட்ட நடுவில் வைத்துவிட்டு, 'ஓட்டை விழுந்துவிட்டதே' என்று கடையில் சண்டை பிடிப்பவர்களை வருஷம் தவறாமல் பார்த்திருக்கிறேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் இடதும் வலதுமாக நிறுத்துங்கள், நடுவில் ஓட்டை இருக்கட்டும்.

வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். சிசிடிவி காட்சி, போன் உரையாடல் என்று வாரத்துக்குச் சில டிஸ்க்குகளாவது கோர்ட்டில் தாக்கல் செய்கிறோம். சிலர் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டுகிறார்கள், சிலர் பால்பாயின்ட் பேனாவால் எழுதுகிறார்கள். முறையாக எப்படிச் செய்வது? செலவு பெரிதாகக் கூடாது.
— மதுரை வாசகர்

ஐயா, சட்டத்தை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார், நான் டிஸ்க்கை மட்டும் பார்க்கிறேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். கோர்ட்டுக்குப் போகும் டிஸ்க்குக்குச் சான்றிதழ் இல்லையென்றால் கதை முடிந்தது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் சொன்னதே கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் தாக்கலான சிடிகளைப் பற்றித்தான். அப்போது அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. இப்போதைய சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் கைரேகை மாதிரி கணக்கிட்டு எடுக்கிற எழுத்துத் தொடரையும், எழுத வேண்டியிருக்கிறது. அதனால் சிலர் அதை டிஸ்க்கின் மேலும் எழுதப் பார்க்கிறார்கள். ஷா-256 என்ற முறையில் எடுத்த ஹாஷ் என்றால் 64 எழுத்து. அதை டிஸ்க்கில் வளைத்து வளைத்து எழுதினால் நீதிபதி டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். அது தாளிலேயே இருக்கட்டும்.

டிஸ்க்கின் மேல் வழக்கு எண், ஆவண எண், எத்தனையாவது பிரதி, பதிந்த தேதி, சின்னதாக ஒரு கையொப்பம். இவ்வளவு போதும். எதால் எழுதுவது? பால்பாயின்ட் கூடவே கூடாது. முதல் பதிலில் சொன்ன மெல்லிய பூச்சின்மேல் அந்த எஃகுக் குண்டை அழுத்தி உருட்டுகிறீர்கள், அடியில் இருக்கிற பதிவு நசுங்கும். நெடி அடிக்கிற கெட்டி மார்க்கர், கண்ணாடியிலும் இரும்பிலும் எழுதுவது, அதுவும் வேண்டாம். அதன் கரைப்பான் பூச்சுக்குள் இறங்கும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2003-இல் டிஸ்க் பராமரிப்புக்கு ஒரு கையேடு போட்டது. நூலகர்களுக்கும் ஆவணக் காப்பாளர்களுக்கும் என்றே எழுதியது அது. மென்மையான நுனியுள்ள, தண்ணீர் கலந்த மை மார்க்கரால் எழுதலாம், நடுவில் பதிவே இல்லாத தெளிவான வளையத்தில் எழுதினால் இன்னும் நல்லது, பசை லேபிள் நீண்ட காலத்துக்கு ஆகாது என்று அதில் இருக்கிறது.

ஆனால் தண்ணீர் மை சாதாரண டிஸ்க்கின் வழவழப்பில் நிற்காது, கை பட்டால் அழியும். இதற்குத்தான் உங்களுக்கு ஒரு யோசனை. உங்களிடம் பிரிண்டர் இல்லாவிட்டாலும் இங்க்ஜெட் டிஸ்க்கையே வாங்குங்கள். அந்த வெள்ளைப்பூச்சு எந்த மையையும் உறிஞ்சும். ஸ்கெட்ச் பேனா மாதிரி நுனி உள்ள பேனாவால் அழுத்தாமல் எழுதினால் தாளில் எழுதியதுபோல் பளிச்சென்று இருக்கும். அலுவலகத்தில் இருக்கிற ரப்பர் ஸ்டாம்பும் அதன்மேல் விழும். 'வழக்கு எண், ஆவண எண், பிரதி, தேதி' என்று கோடு போட்ட ஸ்டாம்ப் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை செலவு, நூறு டிஸ்க்குக்கும் ஒரே மாதிரி இருக்கும். ஓங்கிக் குத்தாமல் மெதுவாக வையுங்கள். கட்சிக்காரர் பெயர், பிரிவு, விலாசம் எல்லாம் கவரின் மேல். கவரில் எவ்வளவு பெரிய ஸ்டிக்கர் வேண்டுமானாலும் ஒட்டுங்கள், நான் கேட்க மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்குகள் நிறைய இருக்கின்றன. ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடலாமா?
— நாகர்கோவில் வாசகி

உரிக்க வேண்டாம், வெந்நீர் வேண்டவே வேண்டாம். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். தூக்கிய ஓரத்தைப் பசை தடவி ஒட்டாமல், கூரான கத்தரியால் தூக்கின அளவுக்கு மட்டும் தாளை வெட்டிவிடுங்கள். டிஸ்க்கில் கத்தரி படக் கூடாது. பிறகு டிரே உள்ள டிரைவில் போட்டுக் காப்பி எடுங்கள். லேப்டாப்பில் இருக்கும் மெல்லிய டிரைவ்கள் மெதுவாகச் சுற்றும், இதற்கு அவையே தேவலை. ஒரே மூச்சில் வராவிட்டால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒன்று இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்க்கும். தெரிந்த பையன்கள் யாராவது இருந்தால் பிடியுங்கள்.

டிவிடி என்றால் உங்கள் பிரச்சினை கொஞ்சம் வேறு. அது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டிய உடம்பு, பதிவு நடுவில் இருக்கிறது. ஸ்டிக்கர் உரிந்தாலும் பதிவு அதோடு வந்துவிடாது. ஆனால் தாள் இழுத்து டிஸ்க் லேசாக வளைந்திருக்கும், டிவிடிக்கு அந்த வளைவே ஆகாது. மேஜைமேல் வைத்து ஓரத்தில் குனிந்து பாருங்கள், கிண்ணம்போல் தெரிந்தால் அதுதான். இவற்றை முதல் வேலையாகக் காப்பி எடுங்கள். எடுத்தபின் பழையதைத் தூக்கிப் போடவும் அவசரப்படாதீர்கள்.

பழைய சாமான் கடையில் லைட்ஸ்கிரைப் டிவிடி ரைட்டர் கிடைத்தது. இங்க் இல்லாமலே டிஸ்க்கின் மேல் படம் போடுமாமே? இதை வைத்துத் தொழில் செய்யலாமா?
— கரூர் வாசகர், கல்யாண வீடியோ எடுப்பவர்

போடும். 2005 வாக்கில் எச்பி கொண்டுவந்த சங்கதி அது. பதிந்து முடித்ததும் டிஸ்க்கைத் திருப்பிப் போட்டால், பாட்டைப் பதிந்த அதே லேசர் மேல்பக்கத்துச் சாயத்தைச் சுட்டுப் படம் வரையும். நடுவளையத்தில் இருக்கிற கோடுகளை வைத்து டிஸ்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால் இன்றைக்கு ஒரு வரி, அடுத்த மாதம் அதன் கீழே இன்னொரு வரி என்றுகூட எழுதலாம். கெட்டிக்காரத்தனமான வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தம்பி, அதற்கென்று தனி டிஸ்க் வேண்டும், அது இப்போது கடையில் இல்லை. கிடைத்தாலும் ஒரே நிறம். கலர் கலராகப் பட்டுப்புடவை கட்டியவர்கள் சாம்பல் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். முழுப் படம் என்றால் ஒரு டிஸ்க்குக்கு அரைமணி நேரம் வரை ஆகும். வெளிச்சத்தில் வைத்தால் மங்கும். பத்தாண்டு தாங்காமல் எச்பியே கைவிட்டுவிட்டது. யமஹாவும் ஃபுஜிஃபிலிமும் சேர்ந்து லேபிள்ஃபிளாஷ் என்று நீலப் படம் போடுகிற ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதற்கும் இதே கதிதான். வாங்கியது வீணில்லை, சாதாரண டிவிடி ரைட்டராக ஓடட்டும். படத்துக்கு முதல் கேள்வியில் சொன்ன வழியே உங்களுக்கும்.

உங்கள் தொழிலுக்கு இன்னொரு வழியும் உண்டு. டிஸ்க்கின் மேல் பேரும் தேதியும் மட்டும் எழுதிவிட்டு, அழகை எல்லாம் கவரில் காட்டுங்கள். டிவிடி பெட்டிக்குச் சுற்றுத்தாள் 273-க்கு 183 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் அடங்கும். கலர் லேசர் ஜெராக்ஸில் பளபளப்புத் தாளில் அடித்தால் ஈரத்துக்கும் கரையாது. சிடி பெட்டிக்கு முன்தாள் 120-க்கு 120, ஒரு ஏ4-இல் இரண்டு வரும். பின்தாள் 151-க்கு 118, அதில் இரு பக்கமும் ஆறரை மில்லிமீட்டர் மடித்தால் முதுகு. ஆல்பம், டிவிடி, பை என்று ஒரே வடிவமைப்பில் கொடுத்தால் பார்க்கிறவர்கள் கவரைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் பஜனை மண்டலிப் பாட்டுகளைப் பதிந்திருக்கிறோம். ஐந்நூறு சிடி வேண்டும். பனியன், பை அச்சடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் ஒரு ரேட் சொன்னார்கள், மலிவாக இருக்கிறது. கொடுக்கலாமா?
— திருநெல்வேலி வாசகர்

அந்தக் கடையில் என்ன மை என்று கேட்டீர்களா? பிளாஸ்டிக்குக்கு என்று அவர்கள் வைத்திருக்கிற பிவிசி மையில் பெரும்பாலும் சைக்ளோஹெக்சனோன் என்ற கரைப்பான் இருக்கும். அது பாலிகார்பனேட்டையே தின்னக்கூடியது. அன்றைக்குப் பார்த்தால் அச்சு அழகாக உட்கார்ந்திருக்கும், கோளாறு பிறகுதான் தெரியும். டிஸ்க்குக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் தப்பில்லை, தொழிற்சாலைகளில் நடப்பதும் அதுதான். ஆனால் அவர்கள் புற ஊதா விளக்கில் காய்கிற யூவி மை போடுகிறார்கள். டிஸ்க் பொருந்தி உட்காரக் குழித்தட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் வெள்ளை அடித்து அதன்மேல் கலர் போடுகிறார்கள், இல்லையென்றால் அடியில் இருக்கிற வெள்ளி எல்லாக் கலரையும் விழுங்கிவிடும். 'டிஸ்க்குக்கு யூவி மை போட்டுப் பழக்கம் உண்டு' என்று கடைக்காரர் சொன்னால் கொடுங்கள். 'பார்த்துக்கலாம் சார்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்நூறு என்பது நடுவில் மாட்டிக்கொண்ட எண்ணிக்கை. வீட்டில் பதிந்து இங்க்ஜெட்டில் அடிக்க அதிகம், ஆலைக்கு அது ஆரம்ப அளவு. ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிஸ்க்கை வார்க்கிற ஆலையில்தான் விலை கேட்பேன். ஒரு தாய் அச்சு செய்து, பாட்டோடு சேர்த்தே பிளாஸ்டிக்கை வார்த்து, உலோகம் பூசி, மேலே அச்சடித்து, பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். சாயத்தில் பதிவதில்லை என்பதால் ஆயுளும் அதிகம். அந்தத் தாய் அச்சுச் செலவுதான் பெரிது, எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொன்றின் விலையும் சரிந்துவிடும். 2007-இல் மோசர் பேயர் படத்தோடு கூடிய விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது ஞாபகம் இருக்கும். எண்ணிக்கைதான் அந்த விலையைக் கொடுத்தது. இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த விலையும் இல்லை.

விற்பதாக இருந்தால் லேபிளில் சில விஷயம் கட்டாயம். பதிப்புரிமைச் சட்டம் 52ஏ பிரிவின்படி, ஒலிப்பதிவை வெளியிட்டால் தயாரித்தவர் பெயர் விலாசம், உரிமையாளர் பெயர் விலாசம், முதலில் வெளியிட்ட ஆண்டு, மூன்றும் டிஸ்க்கிலும் உறையிலும் இருக்க வேண்டும். சாமி படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு இதற்கு இடமில்லாமல் போவது வழக்கம். முதலில் இந்த வரிகளை வைத்துவிட்டு அப்புறம் சாமியை உட்கார வையுங்கள். பாடல்கள் பழம் பாடல்கள் என்றாலும் மெட்டு யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆலையிலும் உரிமைக் கடிதம் கேட்பார்கள்.

அச்சடித்த டிஸ்க்கில் ஈரக்கை பட்டுப் படம் கரைகிறது. மேலே தெளிவான வார்னிஷ் ஸ்பிரே அடிக்கலாமா?
— பாண்டிச்சேரி வாசகர்

அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அடிக்க மாட்டேன். ஸ்பிரேயிலும் கரைப்பான்தான். விளிம்பைச் சுற்றி அடிப்பக்கத்துக்கு ஒரு துளி போனால் அந்த டிஸ்க் போச்சு. பளபளப்பான, தண்ணீர் தாங்குகிற பூச்சோடு இங்க்ஜெட் டிஸ்க் தனியாக வருகிறது. ஜப்பானின் தாயோ யூடென் 'வாட்டர்ஷீல்ட்' என்று அருமையாக ஒன்று செய்தது. 2015 முடிவோடு அவர்கள் டிஸ்க் தொழிலையே விட்டுவிட்டார்கள். அதே மாதிரி வேறு பெயர்களில் கிடைப்பதைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அறுபது, எழுபது டிஸ்க் போடுவோம். சொந்தமாக டிஸ்க் பிரிண்டர் வாங்கிவிடலாமா? எது வாங்கலாம்?
— தூத்துக்குடி வாசகி

டிசம்பரில் மட்டும்தான் என்றால் வாங்காதீர்கள். இங்க்ஜெட் பிரிண்டரைப் பதினோரு மாதம் மூடி வைத்தால் இங்க் தெளிக்கிற முனையில் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்கச் சுத்தம் செய்தே பாதி இங்க் போகும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் மூடி வைக்கிற எதுவும் தேறாது என்பது உங்களுக்கே தெரியும்.

வருஷம் முழுக்க சர்ச் போட்டோ, சண்டே ஸ்கூல் அடையாள அட்டை, நோட்டீஸ் என்று வாரம் ஒரு தடவையாவது ஓடும் என்றால் கணக்கு வேறு. அப்போது எல்8050 பார்க்கலாம். கடையில் எப்சன் டேங்க் பிரிண்டர் என்றால் எல்லாமே ஒன்றுதான் என்று எல்3250-ஐக் காட்டுவார்கள். விலை குறைவு, நல்ல பிரிண்டர், ஆனால் அதில் டிஸ்க் போகாது. பெட்டியில் டிஸ்க் அச்சு என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய எல்800, எல்805 நல்ல விலைக்கு வந்தாலும் விடாதீர்கள், ஆனால் மூன்று விஷயம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிடி டிரே கூடவே வருகிறதா? முனைச் சோதனை அடிக்கச் சொல்லி ஆறு கலரிலும் கோடு அறுபடாமல் வருகிறதா? இது இரண்டும் சரியென்றால் ஒரு வெள்ளை டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள். கார்டு மட்டுமே அடித்துப் பழகிய மெஷினில் டிரே நேராக உள்ளே போகாமல் ஒரு பக்கம் இழுக்கலாம், அப்படி இழுத்தால் படம் ஓரமாக விழும். இரண்டு மில்லிமீட்டர் என்றால் மென்பொருளிலேயே நகர்த்திச் சரி செய்யலாம். அதற்கு மேல் என்றால் வேறு மெஷின் பாருங்கள்.